காத்து அடங்கினா போவோம்

டென்ஸ் என்று சொன்னதுமே நம் பிள்ளைகள் நோட்டை எடுத்து, ஸ்கேலை வைத்துக் கோடு போட ஆரம்பித்துவிடுகிறார்கள். மேலே ப்ரெசன்ட், பாஸ்ட், ஃப்யூச்சர். பக்கவாட்டில் சிம்பிள், கன்டினியுவஸ், பெர்ஃபெக்ட், பெர்ஃபெக்ட் கன்டினியுவஸ். மூன்றை நாலால் பெருக்கினால் பன்னிரண்டு கட்டம். ஒவ்வொரு கட்டத்திலும் 'ஐ ஈட்', 'ஐ ஆம் ஈட்டிங்', 'ஐ ஹேவ் ஈட்டன்' என்று சாப்பிட்டுக்கொண்டே போவார்கள். அந்தக் கட்டங்களை ஒரு பிழை இல்லாமல் நிரப்புகிற அதே பிள்ளையிடம், "ஒங்க அப்பா என்ன வேலை பாக்குறாக, இங்கிலீஷ்ல சொல்லுத்தா" என்று கேட்டுப் பாருங்கள். வாய் திறக்காது.

பாம்பன், தங்கச்சிமடம் பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சாயங்கால வேளைகளில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்து வருகிறேன். பத்தாவது, பிளஸ் டூ, காலேஜ் முதல் வருடம், இடையிடையே வளைகுடா வேலைக்கு இன்டர்வியூ போகிற அண்ணன்மார்கள். இத்தனை பேரையும் பார்த்த பிறகு எனக்கு உறுதியாகத் தோன்றுகிற ஒன்றை எழுதிவிடுகிறேன். பன்னிரண்டு கட்டத்தில் பாதிக்கு மேல் நம் பிள்ளைகளுக்குத் தமிழிலேயே கைவசம் இருக்கிறது. 'போயிருக்காக', 'போயிக்கிட்டு இருந்தாக', 'போயிருப்பாக' என்று ஆறு வயதிலேயே பிசகாமல் பேசுகிற பிள்ளைக்கு பெர்ஃபெக்ட், கன்டினியுவஸ் எதுவும் புதிய சங்கதி இல்லை. இரண்டு மொழியும் முட்டிக்கொள்கிற இடங்கள் சில மட்டுமே. அந்த இடங்களை மட்டும் குறிவைத்துச் சொல்லிக்கொடுத்தால் போதும், மற்றது தானாக வரும். ஆனால் பள்ளியில் எல்லாக் கட்டத்துக்கும் சமமாக நேரம் ஒதுக்கி, முட்டுகிற இடத்தில் நிற்காமல் ஓடிவிடுகிறோம்.

இங்கிலீஷ் படிப்பு இந்தச் சீமைக்கு நேற்று வந்ததல்ல. தஞ்சாவூரில் கிழக்கிந்தியக் கம்பெனியின் ரெசிடென்ட்டாக இருந்த ஜான் சல்லிவனும், ஜெர்மானியப் பாதிரியார் சுவார்ட்சும் சேர்ந்து தஞ்சாவூர், சிவகங்கை, இராமநாதபுரம் ஆகிய ஊர்களில் இங்கிலீஷ் பள்ளிகள் தொடங்கத் திட்டம் போட்டது 1780-களின் நடுவில். நாட்டிலேயே முதன்முதலாகத் தோன்றிய இங்கிலீஷ் பள்ளிகளின் வரிசையில் இவை வருகின்றன. இங்கிலீஷ் கல்வி பற்றி மெக்காலே தன் குறிப்பை எழுதுவதற்கு அரை நூற்றாண்டு முன்பு. சுவார்ட்ஸ் பெயரில் இன்றும் இராமநாதபுரத்தில் நிற்கிற பள்ளியில்தான் அப்துல் கலாம் ராமேஸ்வரத்திலிருந்து வந்து தங்கிப் படித்தார். இவ்வளவு பழைய சரித்திரம் இருந்தும், 'மை ஃபாதர் கோஸ்' என்று சொல்ல வேண்டிய இடத்தில் நம் பிள்ளைகள் 'மை ஃபாதர் வில் கோ' என்று ஏன் சொல்கிறார்கள் என்பதை யாரும் உட்கார்ந்து அவர்களுக்கு விளக்குவதில்லை.

அதிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் நான் திருத்துகிற நோட்டுகளில் அதிகம் வருகிற பிழை அதுதான்.

ராமேஸ்வரம் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி கடலுக்குப் போகும். இந்த வாக்கியத்தில் 'போகும்' என்பது என்ன காலம்? எதிர்காலம் என்பான் பத்தாவது பையன். சொன்னது சரிதான். ஆனால் அந்தப் படகுகள் போன வாரமும் போயின, இந்த வாரமும் போகின்றன, அடுத்த வாரமும் போகும். வழக்கமாக நடப்பதைச் சொல்ல நாம் எதிர்கால வினையைத்தான் பிடிக்கிறோம். 'அப்பா வெள்ளனே எந்திரிப்பாக', 'அம்மா கருவாடு காயப்போடுவாக', 'மாசியில் தண்ணி தெளிவா இருக்கும்'. இங்கிலீஷ்காரனுக்கு இதெல்லாம் சிம்பிள் ப்ரெசன்ட். 'த போட்ஸ் கோ அவுட் ஆன் மன்டேஸ்.' 'மை ஃபாதர் கெட்ஸ் அப் எர்லி.'

அப்படியானால் நம்முடைய நிகழ்காலம் எங்கே போகிறது? 'படகு வருது' என்று கரையில் நின்று ஒருவர் கத்தினால், அது இப்போது, கண்ணெதிரே வருகிறது. இங்கிலீஷில் 'த போட் இஸ் கமிங்'. ஆக, நம் நிகழ்காலம் அங்கே கன்டினியுவஸ் ஆகிறது, நம் எதிர்காலம் அங்கே சிம்பிள் ப்ரெசன்ட் ஆகிறது. ஒரு படி தள்ளி நிற்கிறது, அவ்வளவுதான். பெயரைப் பார்த்துப் பெயருக்கு நேராகப் பெயரை வைத்தால் எல்லாமே ஒரு படி பிசகும். 'போகும்' என்பது எதிர்காலமாச்சே என்று 'வில்' போடுகிறது பிள்ளை. 'வருது' நிகழ்காலமாச்சே என்று 'த பஸ் கம்ஸ் நவ்' என்கிறது. அந்தப் பிள்ளை தமிழ் இலக்கணத்தை ஒழுங்காகப் படித்ததால் வருகிற பிழை இது. இதற்குப் போய்ச் சிவப்பு மையில் வட்டம் போட்டுவிட்டு அடுத்த நோட்டுக்குப் போவது எனக்குப் பொறுக்கவில்லை.

இதைச் சொல்லிக்கொடுத்த மறுநாளே 'ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்', 'ஐ ஆம் நோயிங் ஸ்விம்மிங்' என்று வந்து நிற்பார்கள். இருப்பது, தெரிவது, பிடிப்பது போன்ற வினைகள் நடந்துகொண்டிருக்கிற காரியங்கள் இல்லை, நிலைகள். இவற்றுக்கு 'இங்' ஆகாது. இதற்கு ஒரு வகுப்பு போதும்.

அதே எதிர்கால வினை இன்னொரு வேலையும் செய்கிறது. இங்கேதான் பாடம் சுவையாகிறது.

வீட்டில் வயதானவர்கள் யாராவது பழைய தனுஷ்கோடியைப் பற்றிப் பேசினால் காது கொடுத்துக் கேட்கச் சொல்லி அனுப்புவேன். "போட் மெயில் வரும். வண்டியில இருந்து எறங்கி நேரா கப்பல்ல ஏறுவாக. கப்பல் தலைமன்னாருக்குப் போகும். கூட்டம்னா கூட்டம், அப்படி இருக்கும்." ஒரு பிள்ளை தன் அப்பத்தா சொன்னதை இப்படியே எழுதிக்கொண்டு வந்தது. வரும், ஏறுவாக, போகும், இருக்கும். நடந்து முடிந்து அறுபது வருடத்துக்கு மேலாகிறது, ஒரு வினைமுற்றுகூட இறந்தகாலத்தில் இல்லை. சென்னை எழும்பூரில் ஒரே டிக்கெட் எடுத்துக் கொழும்பு வரை போன காலம் அது. 1914-ல் பாம்பன் பாலம் திறந்ததிலிருந்து நடந்த போக்குவரத்து. கடைசிக் காலத்தில் இர்வின், கோஷன் என்று இரண்டு நீராவிக் கப்பல்கள் ஓடின. அந்தக் காலத்து வழக்கத்தைச் சொல்லும்போது அப்பத்தாவின் வாயில் தானாக எதிர்கால வினை வருகிறது.

இங்கிலீஷிலும் இதற்கு அச்சு அசலாக ஒன்று இருக்கிறது. 'த போட் மெயில் வுட் கம் இன். பீப்பிள் வுட் கெட் டவுன் அண்ட் வாக் டு த ஸ்டீமர்.' 'வில்' என்பதன் இறந்தகால வடிவம் 'வுட்'. 'வுட்' என்றாலே இஃப் கிளாஸ் என்று நினைத்துக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கு, அப்பத்தாவின் 'வரும்', 'ஏறுவாக' எல்லாம் 'வுட்' என்று தெரிகிறபோது முகத்தில் ஒரு வெளிச்சம் வருகிறது. ஆனால் ஒரு எல்லை உண்டு. திரும்பத் திரும்ப நடந்த செயலுக்குத்தான் இந்த 'வுட்'. முன்பு ஒன்று இருந்தது என்று நிலையைச் சொல்ல 'யூஸ்ட் டு' வேண்டும். தனுஷ்கோடியில் தபாலாபீஸ் இருந்தது, சுங்க ஆபீஸ் இருந்தது, ஆஸ்பத்திரி இருந்தது, பள்ளிக்கூடம் இருந்தது. 'தேர் யூஸ்ட் டு பி எ போஸ்ட் ஆபீஸ் ஹியர்.' இடிந்து நிற்கிற சுவருக்கு முன்னால் நின்று டூரிஸ்ட்டுகளிடம் சொல்ல இந்த ஒரு அமைப்பு போதும். வேன் ஓட்டுகிற தம்பிகள் சிலருக்கு இதை மட்டும் சொல்லிக்கொடுத்தேன். அன்றிலிருந்து கைடு வேலைக்கே அவர்களுக்கு ஒரு தைரியம் வந்துவிட்டது.

இனி, மார்க்கைத் தாண்டி இந்தக் கரையில் மனிதர்களின் வாழ்க்கையோடு ஒட்டிய ஒரு இடம்.

எல்லை தாண்டியதாகச் சொல்லி இலங்கைக் கடற்படை நம் மீனவர்களைப் பிடித்துக்கொண்டு போவது இங்கே எல்லா வீட்டுக்கும் தெரிந்த துயரம். அப்படி ஒரு வீட்டுப் பிள்ளை, காலேஜில் படிக்கிறவள், யாழ்ப்பாணத்திலுள்ள இந்தியத் துணைத் தூதரகத்துக்கு இங்கிலீஷில் ஒரு மெயில் எழுதிக்கொண்டு வந்து, "டீச்சர், இதை ஒரு தடவை பாருங்க" என்றாள். சித்தப்பா மூணு மாசமா ஜெயில்ல இருக்காக. அவள் எழுதியிருந்தது: 'ஹி இஸ் இன் ஜெயில் சின்ஸ் த்ரீ மன்த்ஸ்.'

ஏன் அப்படி எழுதினாள் என்பது தெளிவு. 'இருக்காக' நிகழ்காலம், அதற்கு 'இஸ்'. 'மூணு மாசமா' என்பதற்கு 'சின்ஸ்'. தமிழில் நிகழ்கால வினை, மூன்று மாதத்துக்கு முன்னால் தொடங்கி இன்னும் முடியாத ஒன்றைத் தயங்காமல் தாங்கும். இங்கிலீஷில் தாங்காது. எப்போதோ தொடங்கி இன்றுவரை நீள்கிறது என்றால் 'ஹாஸ் பீன்' வேண்டும். 'ஹி ஹாஸ் பீன் இன் ஜெயில் ஃபார் த்ரீ மன்த்ஸ்.' எவ்வளவு காலம் என்றால் 'ஃபார்', எந்த நாளிலிருந்து என்றால் 'சின்ஸ்'.

இதை அவளுக்கு விளக்கும்போது, அருகில் இருந்த இன்னொரு பிள்ளை, "அப்ப 'ஹி வாஸ் இன் ஜெயில் ஃபார் த்ரீ மன்த்ஸ்'னு போட்டா என்ன டீச்சர்?" என்று கேட்டது. அருமையான கேள்வி. அப்படி எழுதினால், படிக்கிற அதிகாரி சித்தப்பா மூன்று மாதம் உள்ளே இருந்துவிட்டு விடுதலையாகிவிட்டார் என்றுதான் எடுத்துக்கொள்வார். 'வாஸ்' போட்டால் வெளியே வந்துவிட்டார், 'ஹாஸ் பீன்' போட்டால் உள்ளேயே இருக்கிறார். மெயில் கொண்டுவந்தவள் பேனாவை எடுத்து மூன்று வாக்கியமாக மறுபடி எழுதினாள். பிடிபட்ட நாளுக்குத் தேதி உண்டு, அது முடிந்த செயல்: 'ஹி வாஸ் அரெஸ்டட்' என்று எழுதித் தேதியைப் போட்டாள். 'ஹி ஹாஸ் பீன் இன் ஜெயில் சின்ஸ் தென்.' 'வி ஹேவ் நாட் ஸ்போக்கன் டு ஹிம் ஃபார் த்ரீ மன்த்ஸ்.' பாஸ்ட் டென்ஸுக்கும் ப்ரெசன்ட் பெர்ஃபெக்ட்டுக்கும் என்ன வித்தியாசம் என்று அவளிடம் இனி யாரும் கேட்க வேண்டியதில்லை.

வளைகுடாவுக்குப் போகிறவர்களுக்கும் இதே இடம்தான் இடறுகிறது. 'ஐ ஆம் வொர்க்கிங் ஆஸ் வெல்டர் சின்ஸ் ஃபைவ் இயர்ஸ்' என்று சொல்கிறவரை 'ஐ ஹேவ் பீன் வொர்க்கிங் ஆஸ் எ வெல்டர் ஃபார் ஃபைவ் இயர்ஸ்' என்று சொல்லப் பழக்கினால், மற்றப் பெர்ஃபெக்ட் கன்டினியுவஸ் கட்டங்களை நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம். ஃப்யூச்சர் பெர்ஃபெக்ட் கன்டினியுவஸ் தெரியாததால் விசா கிடைக்காமல் போன ஒருவரையும் நான் கேள்விப்படவில்லை.

'நேத்து அவரைப் பாத்திருக்கேன்' என்று நாம் சொல்வோம். 'ஐ ஹேவ் சீன் ஹிம் எஸ்டர்டே' என்று அவர்கள் சொல்ல மாட்டார்கள். நேற்று என்று நாளைக் குறித்துவிட்டால் 'ஹேவ்' வரக் கூடாது, 'ஐ சா ஹிம் எஸ்டர்டே'. சின்ன விதி, ஆனால் பிழை நிறைய.

காலத்தை மாற்றிப் பேசுவதைப் பற்றி நம் இலக்கணக்காரர்களுக்குத் தெரியாமல் இல்லை. வாசலில் நின்று கூப்பிட்டால், அடுப்படியில் இருந்துகொண்டே 'இந்தா வந்துட்டேன்' என்கிறோம். வந்தபாடில்லை, ஆனாலும் 'வந்துட்டேன்'. இதைப் பவணந்தியார் நன்னூலில் கணக்கில் எடுத்து, விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு என்று நாலு காரணம் சொல்லி, இவற்றால் மூன்று காலமும் ஒன்றுக்கொன்று மயங்கி வரலாம் என்று அனுமதி கொடுத்திருக்கிறார். பதின்மூன்றாம் நூற்றாண்டு நூல். காலம் என்பது கடிகாரத்தைப் பார்த்து மட்டும் அமைவதில்லை, பேசுகிறவரின் மனசைப் பார்த்தும் அமைகிறது என்பது அதற்குள் இருக்கிறது. இங்கிலீஷ் இஃப் கிளாஸைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல முன்னுரை எனக்குக் கிடைக்கவில்லை. இங்கிலீஷ் வகுப்பில் இஃப் பாடத்தை நன்னூலைப் பிரித்துவைத்துத்தான் தொடங்குகிறேன்.

இஃப் கிளாஸுக்குப் போவதற்கு முன்னால் வானிலை அறிக்கை.

ஐப்பசி பிறந்துவிட்டால் இந்தத் தீவில் எல்லார் கையிலும் வானிலை ஆய்வு மையத்தின் அறிவிப்பு வாட்ஸ்ஆப்பில் சுற்றும். தமிழில் வருவதையும் இங்கிலீஷில் வருவதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கச் சொல்வேன். 2020 டிசம்பரில் புரெவி புயல் திருகோணமலைக்கு வடக்கே கரையைக் கடந்து பாம்பனை நோக்கி வந்தபோது வந்த அறிக்கைகள் இன்னும் என்னிடம் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் ஒரே அச்சு. முதலில் 'மூவ்ட்', அடுத்து 'லே சென்டர்ட்' என்று போட்டு எத்தனை மணிக்கு என்ற குறிப்பு, அதற்கடுத்து 'இஸ் வெரி லைக்லி டு மூவ்'.

'லே' என்பது 'லை' என்ற வினையின் இறந்தகாலம். பொய் சொல்கிற 'லை' வேறு, முட்டையிடுகிற 'லே' வேறு. பிள்ளைகள் இந்த மூன்றையும் குழப்புவார்கள், ஆனால் புயல் அறிக்கையில் பார்த்த 'லே' மறக்காது. தமிழ் அறிக்கை 'மையம் கொண்டுள்ளது' என்கிறது. இங்கிலீஷ் அறிக்கை ஏன் இறந்தகாலத்தில் சொல்கிறது? காலை எட்டரை மணிக்கு எடுத்த கணக்கு அது. நாம் படிக்கிற நேரத்தில் புயல் அங்கே இல்லை, நகர்ந்துவிட்டது. அதனால் 'லே'. அடுத்து, நடக்கப்போவதைச் சொல்லும்போது 'வில்' என்று அடித்துச் சொல்வதில்லை. 'லைக்லி', 'வெரி லைக்லி', 'மோஸ்ட் லைக்லி' என்று நம்பிக்கையை அளந்து அளந்து ஏற்றுகிறார்கள். ஃப்யூச்சர் டென்ஸ் என்றால் 'வில்', 'ஷல்' என்று மட்டும் படித்த பிள்ளைக்கு, எதிர்காலத்தைப் பற்றிப் பொறுப்போடு பேசுகிறவர்கள் 'வில்' என்று வாய்விட மாட்டார்கள் என்று தெரிவது நல்லது.

சரி, இஃப்.

கடற்கரைப் பேச்சில் பாதி இஃப்தான். 'காத்து அடங்கினா போவோம்.' 'வாடை ஏறினா வலை போடக் கூடாது.' 'டோக்கன் குடுத்தா நாளைக்குப் போகலாம்.' எதிர்காலத்தைப் பற்றிய பேச்சு, ஆனால் 'அடங்கினா', 'ஏறினா', 'குடுத்தா' என்பதில் 'அடங்கின', 'ஏறின', 'குடுத்த' என்று இறந்தகாலம் ஒளிந்திருக்கிறது. நம் இலக்கணம் இதை எதிர்கால வினையெச்சமாகவே வைத்திருக்கிறது. ஆக, 'ஆல்' வருகிற பக்கம் எதிர்கால வடிவத்தைப் போடாமல் இருக்கிற பழக்கம் நமக்கு உண்டு. இங்கிலீஷ்காரனுக்கும் அதே பழக்கம்தான். அவன் இஃப் பக்கத்தில் 'வில்' போட மாட்டான். 'இஃப் த விண்ட் ட்ராப்ஸ், வி வில் கோ.' 'இஃப் த விண்ட் வில் ட்ராப்' என்று எழுதுகிற பிள்ளையிடம், 'தமிழ்ல அடங்கும்+ஆல்னு சொல்வியா?' என்று கேட்டால் போதும்.

கஷ்டம் அடுத்த படியில். 'எனக்குப் படகு இருந்தா நானே போவேன்.' இதற்கு இங்கிலீஷ் என்ன? இரண்டு பதில் இருக்கிறது. 'இஃப் ஐ ஹேவ் எ போட், ஐ வில் கோ.' அல்லது, 'இஃப் ஐ ஹாட் எ போட், ஐ வுட் கோ.' முதலாவதில் படகு கிடைக்கலாம், கிடைக்க வாய்ப்பு இருக்கிறது. இரண்டாவதில் படகு இல்லை, இல்லை என்பது பேசுகிறவருக்கே தெரியும். தமிழில் ஒரே வாக்கியம் இரண்டையும் சுமக்கிறது. குரலையும் ஆளையும் பார்த்து நாம் புரிந்துகொள்வோம். இங்கிலீஷில் வாயைத் திறக்கும்போதே, இது நடக்கும் என்று நம்புகிறாயா இல்லையா என்று தீர்மானித்துவிட்டுத்தான் வினையைத் தொட முடியும். நம் பிள்ளைகள் தடுமாறுவது வினை வடிவத்தில் இல்லை, இந்தத் தீர்மானத்தில்தான்.

இதற்கு நான் கண்டுபிடித்த உபாயம் ஒன்று உண்டு. 'மட்டும்' சேர்த்துப் பாருங்கள். 'எங்கிட்ட மட்டும் ஒரு படகு இருந்தா...' என்று பெருமூச்சோடு சொல்ல முடிகிறதா? அப்படியானால் 'ஹாட்', 'வுட்'. 'காத்து மட்டும் அடங்கினா' என்று ஏங்குகிறவனுக்கும், 'காத்து அடங்கினா போவோம்' என்று வலையை எடுத்து வைத்துக்கொண்டு நிற்கிறவனுக்கும் உள்ள தூரம்தான் செகண்ட் கண்டிஷனலுக்கும் ஃபர்ஸ்ட் கண்டிஷனலுக்கும் உள்ள தூரம். மிரட்டலில் வருகிற 'மட்டும்' இதில் சேராது. 'நாளைக்கு மட்டும் ஹோம்வொர்க் எழுதாம வந்தே' என்று நான் சொல்வது சத்தியமாக ஃபர்ஸ்ட் கண்டிஷனல்.

இந்த இடத்தில் பாடத்திட்டத்தோடு எனக்கு ஒரு சண்டை உண்டு. 'நான் கலெக்டரானால்' என்று கட்டுரை எழுதச் சொல்வார்கள், இங்கிலீஷில் அது 'இஃப் ஐ வேர் த கலெக்டர்' ஆகிறது. இலக்கணம் சரி, 'வாஸ்' போடாமல் 'வேர்' போட வேண்டும் என்பதும் சரி. ஆனால் அந்த 'வேர்' என்ன சொல்கிறது? நான் கலெக்டர் இல்லை, இது கற்பனை என்கிறது. பதினைந்து வயதுப் பிள்ளைக்கு இது நிஜத்தில் நடக்கக்கூடிய காரியம். ராமேஸ்வரத்தில், இரண்டாம் உலகப் போர் சமயம் ரயில் நிற்காமல் போனபோது வண்டியிலிருந்து வீசிய பேப்பர் கட்டுகளைப் பொறுக்கி வீடு வீடாகப் போட உதவிய சிறுவனிடம், 'இஃப் யூ வேர் த பிரசிடென்ட்' என்று கட்டுரை எழுதச் சொல்லியிருந்தால், அந்த 'வேர்' எவ்வளவு தப்பாகப் போயிருக்கும்? அந்தச் சிறுவன் கலாம் 2002-ல் ராஷ்டிரபதி பவனுக்குப் போனார். ஆகவே என் வகுப்பில் இந்தக் கட்டுரையை இரண்டு முறை எழுத வேண்டும். பரீட்சைக்கு 'இஃப் ஐ வேர்'. பிறகு அதே கட்டுரை, 'வென் ஐ பிகம் த கலெக்டர், ஐ வில்' என்று. இரண்டாவது கட்டுரை எப்போதும் நீளமாக வருகிறது. குடிதண்ணீர், ஜெட்டி, பொம்பளைப் பிள்ளைகளுக்கு ஹாஸ்டல் என்று பட்டியல் துல்லியமாக வந்து விழுகிறது.

தேர்ட் கண்டிஷனலுக்கு இந்த ஊரில் உதாரணம் தேட வேண்டியதில்லை.

1964 டிசம்பர் 22, தனுஷ்கோடியைப் புயல் அடித்த இரவு. பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்கு 653-ஆம் நம்பர் பாசஞ்சர் போய்க்கொண்டிருந்தது. ஊருக்குச் சற்று முன்னால் சிக்னல் கிடைக்கவில்லை. டிரைவர் காத்திருந்து பார்த்து, விசில் கொடுத்துவிட்டு வண்டியை எடுத்தார். கடல் வண்டியை அடித்துக்கொண்டு போனது. உள்ளே இருந்த நூற்றுக்கு மேற்பட்டவர்களில் ஒருவரும் பிழைக்கவில்லை. 'த ட்ரெயின் வாஸ் அப்ரோச்சிங் தனுஷ்கோடி வென் த வேவ் ஸ்ட்ரக்.' நீண்டுகொண்டிருந்த ஒன்றை வெட்டிக்கொண்டு வந்த இன்னொன்று. பாஸ்ட் கன்டினியுவஸும் சிம்பிள் பாஸ்ட்டும் ஒன்றாக வருவதற்கு எந்த கைடு புத்தகமும் இதைவிடச் சரியான வாக்கியத்தைத் தர முடியாது.

அதற்கப்புறம் இஃப். தமிழில் 'இருந்திருந்தா... இருந்திருப்பாக'. இங்கிலீஷில் 'ஹாட்... வுட் ஹேவ்'. வடிவம் ஒன்றுக்கொன்று அப்படியே பொருந்துகிறது, 'காத்திருந்திருந்தா' என்பது 'ஹாட் வெய்ட்டட்', 'பொழைச்சிருப்பாக' என்பது 'வுட் ஹேவ் சர்வைவ்ட்'. செகண்ட் கண்டிஷனலில் தடுமாறுகிற பிள்ளைகூட இதில் தடுமாறாது. ஆனால் எந்த வாக்கியத்தை எழுதுவது? பெரும்பாலான பிள்ளைகள் முதலில் எழுதுவது, 'இஃப் த டிரைவர் ஹாட் வெய்ட்டட், தே வுட் ஹேவ் சர்வைவ்ட்.' இலக்கணத்தில் பிழை இல்லை. நான் அதைத் திருத்தச் சொல்வேன். அந்த இருட்டில், அந்த மழையில், கடல் எதுவரை ஏறி வந்திருக்கிறது என்று அந்த மனிதருக்கு எப்படித் தெரியும்? அங்கேயே நின்றிருந்தால் மட்டும் அலை விட்டிருக்கும் என்று யார் சொன்னது? இஃப் பக்கத்தில் யாரைக் கொண்டுபோய் நிறுத்துகிறோமோ அவர் மேல் பழி விழுகிறது. 'இஃப் எ வார்னிங் ஹாட் ரீச்ட் பாம்பன் ஸ்டேஷன் இன் டைம், த ட்ரெயின் வுட் நாட் ஹேவ் லெஃப்ட்.' இதை எழுதினால், டிரைவரை விட்டுவிட்டு, வராத எச்சரிக்கையைப் பற்றி யோசிக்கத் தொடங்குகிறோம். இப்போது வாட்ஸ்ஆப்பில் சுற்றுகிற அந்த 'லே சென்டர்ட்', 'வெரி லைக்லி' அறிக்கையின் அருமை பிள்ளைகளுக்கு அங்கே புரிகிறது.

அந்தப் புயலில் சேதமான பாம்பன் பாலத்தை 46 நாளில் சரிசெய்து ரயில் விட்டார்கள். தனுஷ்கோடி தண்டவாளம் திரும்ப வரவில்லை. அதனால் இன்னொரு வகை வாக்கியமும் நமக்கு வேண்டியிருக்கிறது: 'இஃப் த சைக்ளோன் ஹாட் நாட் ஹிட் தனுஷ்கோடி, இட் வுட் பி எ டவுன் டுடே.' இஃப் பக்கம் அன்றைக்கு நடந்தது, மறுபக்கம் இன்றைக்கு இருப்பது. 'புயல் அடிக்காம இருந்திருந்தா, இன்னைக்கு தனுஷ்கோடி ஒரு டவுனா இருக்கும்.' 'இருந்திருக்கும்' இல்லை, 'இருக்கும்'. தமிழில் இந்த வித்தியாசம் காதுக்கே தெரிகிறது. பள்ளிப் புத்தகங்கள் இந்தக் கலப்பு வகையைப் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. பேச்சில் இதுதான் அதிகம் வருகிறது. 'அப்பவே படிச்சிருந்தா இப்ப இந்தக் கஷ்டம் இருக்காது' என்று சொல்லாத வீடு எது?

பிளஸ் டூ பிள்ளைகளுக்கு ஒரு விஷயம் விட்டுப்போயிற்று. 'இஃப்'-ஐ எடுத்துவிட்டு மாற்றி எழுதச் சொல்கிற கேள்விக்கு, 'ஹாட்' என்பதை முன்னால் கொண்டுவந்தால் போதும்: 'ஹாட் எ வார்னிங் ரீச்ட் பாம்பன்...' மற்ற எதையும் தொட வேண்டாம். 'அன்லெஸ்' வந்தால் அதோடு 'நாட்' சேர்க்காதீர்கள், 'அன்லெஸ்' உள்ளேயே 'இல்லாவிட்டால்' இருக்கிறது: 'அன்லெஸ் த விண்ட் ட்ராப்ஸ், வி வில் நாட் கோ.'

வருகிற ஐப்பசியிலிருந்து வகுப்பில் ஒரு வேலை வைத்திருக்கிறேன். தினமும் சாயங்காலம் அன்றைய இங்கிலீஷ் வானிலை அறிக்கையைப் போர்டில் எழுதிப் போடுவோம். ஒவ்வொரு பிள்ளையும் அதிலிருந்து மூன்று வாக்கியம் எழுத வேண்டும். நேற்று என்ன ஆனது என்று ஒன்று, இப்போது கரையில் என்ன நடக்கிறது என்று ஒன்று, நாளைக்குக் காற்று இப்படி இருந்தால் நம் வீட்டில் என்ன செய்வோம் என்று ஒன்று. கட்டம் போட்ட நோட்டு அதுவரை பையிலேயே இருக்கட்டும். மண்டபத்திலோ கீழக்கரையிலோ ஏர்வாடியிலோ இங்கிலீஷ் எடுக்கிற ஆசிரியர்கள் யாராவது இதைப் படித்தால், உங்கள் பிள்ளைகளோடும் செய்து பாருங்கள். வடகடல் பக்கத்து வாக்கியங்களையும் தென்கடல் பக்கத்து வாக்கியங்களையும் மாற்றிக்கொள்வோம்.